குடல்வாய்ச் சத்திரசிகிச்சை: காரணங்களும் சிக்கல்களும்
ஹேவாஹெட்டத் தோட்டச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

நோய் உடலிலே தோன்றுவது. ஆயினும் அது எவ்வுடலில், எந்நிலையில் இனங்காணப்படுகிறது என்பதும், சிகிச்சையின் பின்னர் அவ்வுடலுக்குரியவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதும் சமூக உறவுகளாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றன. 1848இல் மேற் சிலேசியாவிற் பரவிய டைபஸ் நோயை ஆராயச் சென்ற ஜெர்மானிய நோயியலறிஞர் ருடோல்ஃப் வேர்ச்சோ, அந்நோயின் வேரை வறுமையிலும் கல்வியின்மையிலும் ஆட்சியமைப்பிலுமே கண்டார். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் தொழிற்சாலைப் பரிசோதகர்களதும் பொதுச் சுகாதார அதிகாரிகளதும் அறிக்கைகளை விரிவாக எடுத்தாள்வதும் இதே அடிப்படையிலாகும்.

அத்தொகுதி வெளிவந்த ஆண்டு 1867. அதே ஆண்டிலேதான் ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் வணிக நோக்கிலான தேயிலைச் செய்கையைத் தொடக்கினார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட 'இரண வைத்தியம்' என்னும் தமிழ்ச் சத்திரசிகிச்சை நூலும் அதே ஆண்டுக்குரியது. இவை தற்செயலாய் ஒருங்கு நேர்ந்தவை. எனினும் ஓர் உண்மையை இவை நமக்குத் தெளிவாக்குகின்றன. தமிழிற் சத்திரசிகிச்சை அறிவு அச்சேறிய அதே காலத்தில் லூல்கந்துரவின் தமிழ்த் தொழிலாளரை அவ்வறிவு சென்றடைய எவ்வழியும் இருக்கவில்லை. அறிவு ஒரு மொழியில் இருப்பது வேறு. அம்மொழி பேசும் மக்கள் அனைவருக்கும் அது உடைமையாவது வேறு.

இக்கட்டுரை குடல்வாய்ச் சத்திரசிகிச்சை பற்றியது. அது எக்காரணங்களாற் செய்யப்படுகிறது, அதனால் விளையும் சிக்கல்கள் யாவை என விளக்குவதும், அவ்விளக்கத்தைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்நிலையோடு பொருத்திப் பார்ப்பதுமே நமது நோக்கமாகும்.

குடல்வாய் என்பது யாது?

நோயுற்ற குடலின் வழியாக மலம் வெளியேற இயலாதபோது, அல்லது வெளியேறுவது ஆபத்தானபோது, வயிற்றுச் சுவரில் ஒரு துளையிட்டுக் குடலின் ஒரு பகுதியை வெளியே கொணர்ந்து தோலுடன் தைத்துவிடுகின்றனர். இவ்வாறு அமைக்கப்படும் வழியையே நாம் இங்குக் குடல்வாய் என்கிறோம். மருத்துவர் இதனை ஸ்டோமா என்பர். பெருங்குடலிலிருந்து அமைக்கப்படுவது கொலொஸ்டமி. சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து அமைக்கப்படுவது இலியோஸ்டமி. முன்னதில் மலம் பெரும்பாலும் இறுகியும் பின்னதில் நீர்த்தும் வெளிவரும். குடலை வெட்டி அதன் முனையை வெளியே கொணர்வது முனைவாய் எனவும், வெட்டாது ஒரு வளைவை வெளியே இழுத்து அதன் மேற்புறத்தைத் திறந்து விடுவது வளைவுவாய் எனவும் கொள்ளப்படலாம். வளைவுவாய் பெரும்பாலும் தற்காலிகமானது.

குடல்வாயில் மலத்தை அடக்கும் தசை இல்லை. ஆகவே மலமும் வாயுவும் நோயாளியின் விருப்பத்திற்குட்படாது வெளியேறும். அவற்றைத் தாங்குவதற்குத் தோலுடன் ஒட்டும் பையொன்று அணியப்படுகிறது. நலமுள்ள குடல்வாய் உதட்டின் உட்புறத்தைப் போன்று சிவந்தும் ஈரமாகவும் இருக்கும். அதில் வலியுணர்வு இல்லை. எனவே அதில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியலாமேயன்றி உணரப்படமாட்டாது.

வரலாற்றுப் பின்னணி

1710இல் பிரெஞ்சு மருத்துவர் லித்ரே, பிறவியிலேயே குதவழி சீராக அமையாது இறந்த குழந்தையொன்றின் உடலைப் பரிசோதித்தபின், குடலை வயிற்றின் மேற்பரப்பிற்குக் கொண்டுவருதல் இயலும் எனக் கருத்துரைத்தார். 1776இல் ரூவான் நகரத்துப் பிலோர், மலக்குடற் கட்டியால் அடைப்புற்ற திராட்சைமது வணிகர் ஒருவருக்கு இதனைச் செய்தார். சத்திரசிகிச்சை பலனளித்தது; ஆனால் அடைப்பை நீக்குவதற்காக அதற்கு முன்னரே புகட்டப்பட்டிருந்த பாதரசம் சிறுகுடலைச் சிதைத்தமையால் 28 நாள்களில் அவர் இறந்தார். 1793இல் பிறெஸ்ட் நகரில் டூரே, குதவழியின்றிப் பிறந்த சில நாட் குழந்தைக்குக் குடல்வாய் அமைத்தார். அக்குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது. கத்தி வைப்பதற்கு முன்னர், ஏழையர் இல்லத்திலிருந்து பெற்ற இறந்த குழந்தையொன்றின் உடலில் டூரே ஒத்திகை பார்த்தார் என்பது மருத்துவ வரலாற்றிற் பதிவாகியுள்ளது. மருத்துவ முன்னேற்றத்திற்கு வறியோரின் உடல் தந்த பங்கு இவ்வாறே பெயரின்றிப் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிகிச்சை முறைப்படுத்தப்பட்டது. மலக்குடற் புற்றுநோயில் மலக்குடலையும் குதத்தையும் முற்றாக அகற்றி நிரந்தரக் குடல்வாய் அமைக்கும் முறையை 1908இல் இங்கிலாந்தின் மைல்ஸ் விளக்கினார். நோயுற்ற பகுதியை நீக்கி, மேற்குடலை வெளியே கொணர்ந்து, கீழ்க்குடலை மூடிவிடும் முறையை 1921இல் பிரான்சின் ஹார்ட்மன் அறிமுகப்படுத்தினார். 1952இல் பேர்மிங்காமின் பிறையன் புறூக், சிறுகுடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் உத்தியை வெளியிட்டார். நீர்த்த மலம் தோலிற் படாது பைக்குள் விழுவதற்கு இச்சிறு மாற்றமே வழிசெய்தது.

பையின் வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1954இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸ் சோரென்சன் என்னும் தாதி, குடல்வாய் அமைக்கப்பட்ட பின் வெளியே செல்ல அஞ்சி வீட்டினுள் முடங்கிய தன் சகோதரிக்காக ஒட்டும் பையொன்றைச் சிந்தித்தார். பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் ஒருவர் அதனைச் செய்து கொடுத்தார். 1957இல் அதன் அடிப்படையிற் கொலோபிளாஸ்ட் என்னும் கம்பனி உருவாயிற்று. சகோதரியின் மானத்தைக் காக்கப் பிறந்த ஒரு பொருள் உலகச் சந்தையின் சரக்காயிற்று. அதன் பயன்மதிப்பு அனைவருக்கும் ஒன்றே. பரிமாற்ற மதிப்பைச் செலுத்த வல்லாரோ சிலரே. இம்முரண்பாட்டைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

காரணங்கள்

குடல்வாய் அமைக்கப்படுவதற்கான காரணங்களை ஐந்து வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, புற்றுநோய். குதத்திற்கு மிக அண்மையிலுள்ள மலக்குடற் புற்றை அகற்றும்போது குதத்தையும் நீக்க நேரின் குடல்வாய் நிரந்தரமாகும். சற்று மேலேயுள்ள கட்டியை நீக்கிக் குடலை மீள இணைக்கும்போது, அவ்விணைப்பு ஆறும்வரை மலம் அவ்வழி செல்லாதிருக்கத் தற்காலிக இலியோஸ்டமி அமைக்கப்படுவதுண்டு.

இரண்டாவது, அடைப்பும் துளைபடலும். கட்டியினாலோ, குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதாலோ வழி அடைபடலாம். நெருப்புக் காய்ச்சல் எனப்படும் டைபொயிட்டினாலும் காசநோயினாலும் சிறுகுடலும், வெளிப்பிதுங்கிய சிறு பைகளின் அழற்சியாற் பெருங்குடலும் துளைபடலாம். மலம் வயிற்றறையில் பரவிச் சீழ்பிடித்த நிலையிற் குடலை உடனே இணைத்தல் பெரும்பாலும் பாதுகாப்பற்றது. அந்நிலையிற் குடல்வாயே உயிர் காக்கும் வழியாகிறது.

மூன்றாவது, நாட்பட்ட அழற்சி நோய்கள். பெருங்குடலிற் புண்களைத் தோற்றுவிக்கும் அல்சரேட்டிவ் கொலைற்றிஸ், குடலின் எப்பகுதியையும் தாக்கவல்ல குறோன் நோய் ஆகியன மருந்துக்கு இணங்காதபோது இச்சிகிச்சை வேண்டப்படும்.

நான்காவது, காயங்கள். வீதி விபத்து, துப்பாக்கிச் சூடு, எறிகணைச் சிதறல் என்பன குடலையும் மலக்குடலையும் கிழிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பெருங்குடற் காயங்களுக்குக் குடல்வாய் அமைத்தல் இராணுவ மருத்துவத்தின் விதியாகவே இருந்தது. மூன்று தசாப்தங்கள் போரைக் கண்ட நம் நாட்டிற்கு இது புத்தகச் செய்தி அன்று.

ஐந்தாவது, பிறவிக் குறைபாடுகள். குதவழியின்றிப் பிறத்தல், பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாமையால் உண்டாகும் ஹேர்ஷ்பிறங் நோய் என்பன இதிலடங்கும். குழந்தைகளுக்கு அமைக்கப்படுபவை பெரும்பாலும் தற்காலிகமானவை.

இக்காரணங்களை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். நோய் ஒன்றாயினும், அது எந்நிலையில் மருத்துவரிடம் வருகிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது. மலத்துடன் குருதி போவதை மூலம் என்றும் உடற்சூடு என்றும் கருதி மாதக்கணக்காகப் பொறுத்திருப்போர் பலர். கொழுந்து மலையில் மலசலகூட வசதி இல்லை. பெண் தொழிலாளி இதனைக் கூறக் கூசுவாள். வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய 'பேர்' இல்லை. முற்கூட்டியே கண்டறிந்து, திட்டமிட்டுச் சத்திரசிகிச்சை செய்து, குடலை இணைத்து அனுப்பியிருக்கக் கூடிய ஒருவர், வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, நள்ளிரவில் தோட்ட லொறியில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போது குடல்வாயைத் தவிர வேறு வழி இல்லாது போகலாம்.

சிக்கல்கள்

அவசர நிலையில் அமைக்கப்படும் குடல்வாய்களிற் சிக்கல்கள் மிகுதி என்பது சத்திரசிகிச்சையாளர் யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அதன் காரணங்கள் தெளிவானவை. குடல் வீங்கியிருக்கும், நோயாளி ஊட்டம் குறைந்திருப்பார், வயிற்றில் எவ்விடத்திற் குடல்வாய் அமைய வேண்டுமென முன்கூட்டிக் குறியிட அவகாசம் இராது.

தொடக்க நாட்களில் தோன்றும் சிக்கல்களுட் கொடியது குருதியோட்டம் குன்றிக் குடல்வாய் அழுகுதல். சிவந்திருக்க வேண்டிய வாய் ஊதாவாகவோ கருமையாகவோ மாறின் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடல்வாய் உள்ளிழுக்கப்படுதல், தோலிலிருந்து தையல் பிரிதல், குருதி வடிதல் ஆகியனவும் இக்காலத்துக்குரியவை.

இலியோஸ்டமிக்கே சிறப்பாக உரிய ஆபத்து நீரும் உப்பும் இழத்தல். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர்த்த கழிவு வெளியேறுமாயின் சிறுநீரகங்களும் பாதிக்கப்படலாம். இங்கு மக்களிடையே நிலவும் இயல்பான எண்ணமொன்று தீங்கு விளைக்கிறது. தாகம் எடுக்கும்போது மேன்மேலும் வெறுந் தண்ணீரையோ சாயத் தேநீரையோ குடிப்பின், உப்பற்ற அந்நீர் குடலுக்குள் உடலின் உப்பை இழுத்து, இழப்பை மேலும் பெருக்கும். தேவைப்படுவது உப்பும் குளுக்கோசும் உரிய அளவிற் சேர்ந்த ஜீவனி போன்ற கரைசலாகும். உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் உதவும். தேயிலையை உலகிற்கு வழங்கும் மக்களுக்குத் தேநீரே இவ்விடத்திற் போதாத பானமாகிறது.

யாவற்றினும் பரவலாகக் காணப்படுவது தோற்புண். சிறுகுடற் கழிவிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் தோலையும் அரிக்கவல்லவை. பையின் ஒட்டுத்தகட்டிலுள்ள துளை குடல்வாயினும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் மட்டுமே பெரிதாக இருத்தல் வேண்டும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களிற் குடல்வாய் சுருங்குமாதலால் இவ்வளவை மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கினால் அதன் பாரத்தால் ஒட்டு விடுபடாது.

காலப்போக்கில் தோன்றுவனவற்றுள் முக்கியமானது குடல்வாயைச் சூழ்ந்த குடலிறக்கம். வயிற்றுச் சுவரின் துளை விரிந்து அதனூடாகக் குடல் தோலின் கீழ்ப் புடைத்து நிற்கும். குடல்வாய் நீண்டு வெளித்தள்ளுதலும் ஒடுங்கிப்போதலும் பிற. இலியோஸ்டமி உடையோரில் நார் மிகுந்த உணவு வாயிற் சிக்கி அடைப்பை ஏற்படுத்தலாம். பலாக்காய், தேங்காய்ச் சொட்டு, சோளம், காளான் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்து, பின்னர் சிறிது சிறிதாக நன்கு மென்று உண்ணுதல் தகும். கழிவு முற்றாக நின்று வலியும் வாந்தியும் தோன்றின் காத்திருத்தல் கூடாது.

லயன் காம்பராவிற் குடல்வாய்

மேற்கூறிய சிக்கல்கள் உலகெங்கும் பொதுவானவை. அவற்றைத் தோட்டச் சூழலில் வைத்து நோக்கும்போது அவை வேறொரு கனத்தைப் பெறுகின்றன.

குடல்வாய் எவ்விடத்தில் அமைய வேண்டும்? நோயாளியை நிற்கவும் இருக்கவும் குனியவும் செய்து, தோல் மடிப்புகளையும் இடுப்பில் உடை கட்டும் வரியையும் தவிர்த்து, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்திற் குறியிட வேண்டும் என்பது விதி. கொழுந்து பறிக்கும் பெண் சேலைக்கு மேலாக இடுப்பிற் படங்கு கட்டுகிறாள். கூடையின் கயிறு தலையில். அதன் பாரம் முதுகில். செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும்போது வயிற்றுத் தசைகள் இடையறாது இறுகுகின்றன. நாளொன்றுக்கு 18 கிலோ அளவிற் கொழுந்து கேட்கப்படும் தோட்டங்கள் உள்ளன. அதற்குக் குறைந்தால் அரைப் பேர். படங்கின் கட்டு குடல்வாயின் மேலேயே விழுமாயின் பை ஒட்டாது. பாரமேற்றம் தொடருமாயின் குடலிறக்கத்திற்கான ஆபத்து மிகும். எனவே குறியிடுபவர் நோயாளியின் உடலை மட்டுமன்றி அவரது உழைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பையை மாற்றுவதற்கு நீரும் தனியிடமும் வெளிச்சமும் தேவை. ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் உறங்கும் லயத்தில், பொதுக் குழாயை நம்பியிருக்கும் வீட்டில், இம்மூன்றும் ஒருங்கு கிடைப்பதரிது. மூன்று, நான்கு நாள்களுக்கு ஒன்றென மாற்றினும் மாதத்திற்கு எட்டு முதல் பத்துப் பைகள் வேண்டும். அவை இறக்குமதிப் பண்டங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்படுவதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்த ஒரு வர்க்கத்திற்கு, சந்தையில் இப்பையை வாங்குவது வேறு ஏதேனும் ஒரு தேவையைக் கைவிடுவதாகும். ஆதலின் ஒரு பையைக் கழுவிக் கழுவி அணிதலும், ஒட்டு விட்டபின் துணியாற் கட்டுதலும் நேர்கின்றன. அதன் பயன் தோற்புண். அதன் பயன் மேலும் ஒட்டாத பை.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சை இலவசமானது. பொதுமக்களின் போராட்டங்களாலும் வாக்குரிமையாலும் பெற்ற இப்பேற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் தோட்ட மருத்துவத்தின் வரலாறு வேறு தடத்தில் வந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. உழைக்கும் உடலை மறுநாட் காலை பிரட்டுக்களத்திற்கு மீட்பதே அதன் எல்லையாயிற்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றபோதும், மாத்திரை வழங்கும் டிஸ்பென்சரிக்கும் கண்டி, பேராதனைப் பெரிய வைத்தியசாலைகளுக்கும் இடையிலான இடைவெளி முற்றாக நிரம்பவில்லை. ஹேவாஹெட்டவிலிருந்து மாரசன, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு இறங்கும் வளைவுப் பாதையில், நிறைந்த பையுடன் பஸ்ஸில் நின்று செல்வோர்க்கு அத்தூரம் மைற்கணக்கால் அளவிடப்படுவதன்று.

தற்காலிகக் குடல்வாயைச் சாதாரணமாக 8 முதல் 12 வாரங்களின் பின்னர் மூடலாம். ஆனால் மூடுதல் அவசரமற்ற சிகிச்சையாகக் கருதப்படுவது. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகள் தீர்ந்தபோது பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. அவசரமானவையே தொடர்ந்தன. மருத்துவ ஒழுங்கில் அது தவிர்க்க முடியாத முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் இத்தகைய ஒத்திவைப்பின்போது, வசதியுடையோர் தனியார் மருத்துவமனையை நாடலாம். கூலி உழைப்பாளிக்கோ 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு முடிவு தெரியாது. தேயிலை ஈட்டும் அந்நியச் செலாவணியைப் பறித்துக் கொடுக்கும் கைகளே அதன் பற்றாக்குறையை உடலில் முதலிற் சுமக்கின்றன என்பது நம் பொருளாதாரத்தின் கசப்பான முரண்.

சொல்லும் தீட்டும்

மொழி பயில்வோராகிய நாம் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. இச்சிகிச்சையைப் பேச்சு வழக்கிற் 'பை வைத்தல்' என்பர். தமிழிற் கருப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, இரைப்பை என உள்ளுறுப்புகள் பலவும் பை என்றே பெயர் பெற்றுள்ளன. ஆகவே 'வயிற்றிற் பை வைக்கப் போகிறோம்' எனக் கேட்கும் நோயாளி உள்ளே ஏதோ பொருத்தப்படுவதாகக் கொள்ள இடமுண்டு. கண்விழித்துத் தன் குடலை வயிற்றின் மீது காணும் அதிர்ச்சிக்குச் சொல்லும் ஒரு காரணமாகிறது. மேலும், பை என்ற சொல் அணியும் பொருளையே குறித்து, வெளியே இருப்பது தன் உடலின் உயிருள்ள பகுதி என்பதை மறைத்துவிடுகிறது. 'வாய்' என்னும் சொல் பொருத்தமானது. ஆற்றுவாய், மடைவாய், புண்வாய் எனத் திறப்பைக் குறிக்கும் பழகிய வழக்கு அது. கிறீன் தம் மாணவருடன் கலைச்சொற்களைத் தேடிய முயற்சியின் மரபு இத்தகைய இடங்களிலேயே தொடரப்பட வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக ஏற்றது. நோயாளி தன் உடலுக்கு நிகழப்போவதைத் தன் மொழியில் அறிந்து ஒப்புதல் அளிக்கும்போதே அவ்வேற்பு வைத்தியசாலை விடுதியில் உண்மையாகும்.

தீட்டு என்னும் கருத்தும் ஒரு சிக்கலே. மலத்தை உடலின் முன்புறத்திற் சுமப்பவர் கோயிலுக்குள் செல்லலாமா, சமைக்கலாமா, குழந்தையைத் தூக்கலாமா என்ற ஐயங்கள் குடும்பத்துள் எழுகின்றன. இவற்றுக்கு மருத்துவத் தடை ஏதும் இல்லை. இவ்வருவருப்பு இயற்கையானதன்று, கழிவகற்றும் உழைப்பைச் சிலர்மீது சுமத்தி, அவர்களையே கழிவாகக் கருதிய சாதியமைப்பின் விளைவு. கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் மகியாவைத் தொழிலாளரை ஒதுக்கும் கண்ணே, குடல்வாயுடையவரையும் ஒதுக்குகிறது. எல்லா மனித உடலும் மலத்தைச் சுமப்பதே. குடல்வாய் அதனைக் கண்காணச் செய்கிறது, அவ்வளவே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இச்சிகிச்சையின் காரணங்களும் சிக்கல்களும் மருத்துவ நூல்கள் பிரிப்பதுபோல் இரு வேறு அதிகாரங்கள் அல்ல என்பது புலனாகும். பிந்தி வருதல் குடல்வாய்க்குக் காரணமாகிறது. பிந்தி வந்தமையே அதன் சிக்கலையும் பெருக்குகிறது. அத்தாமதத்தின் பின்னே கூலியும் தூரமும் மொழியும் கூச்சமும் உள்ளன.

ஆகவே செய்ய வேண்டியவை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியேயும் உள்ளன. மலத்துடன் குருதி போதல் பரிசோதிக்கப்பட வேண்டிய அறிகுறி என்பது தோட்டந்தோறும் தமிழிற் சொல்லப்பட வேண்டும். பைகள் நோயாளிக்கு அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். குடல்வாய்ப் பராமரிப்பிற் பயின்ற, தமிழ் பேசும் தாதியர் வேண்டும். சிகிச்சை பெற்றவருக்குப் பாரமற்ற வேலையும் முழுப் பேரும் தொழிற்சங்கக் கோரிக்கையாக வேண்டும். படங்கின் கட்டு எங்கே விழும் என்பதைத் தொழிலாளியிடம் கேட்டறிந்தபின் குறியிடும் மருத்துவமே மக்கள் மருத்துவம் எனத்தகும்.